குரங்கு ஸ்டார்ட் செய்த வண்டி

மேலகரம்
ஆடி முதல் வாரம்

அன்பு மகள் சங்கரேஸ்வரிக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அப்பாவும் உன் தம்பி மணிமுத்துவும் சுகம், மலையில் சாரலும் சுகம், குற்றாலம் மெயினருவியில் தண்ணீர் ஆர்ச்சைத் தொட்டு விழுகிறது. அங்கே நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க உலகம்மன் துணை இருப்பாள். போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். நீ கூப்பிட்டால் போதும், உன் அப்பா டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பேப்பரை மூஞ்சிக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொள்கிறார், நாம் பேசி முடிக்கிற வரைக்கும் ஒரு பக்கம்கூடப் புரட்டுவதில்லை. அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவரைப் பற்றியே எப்படிப் பேசுவது? அதனால்தான் எழுதுகிறேன், மணிமுத்து போட்டோ எடுத்து அனுப்புவான், என் கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காமல் படி.

விஷயம் வண்டி. உன் அப்பா புது வண்டி வாங்கியது உனக்குத் தெரியும், எப்படிப்பட்டது என்பது தெரியாது. நம் தெருவுக்குள் நுழையாத வண்டி. விளம்பரத்தில் ஆற்றைக் கடக்கிறது, பாறை மேல் ஏறுகிறது, நம் வீட்டு வாறுகால் சாக்கடையைக் கடந்து உள்ளே வர அதற்கு வழியில்லை, அதனால் தெருமுனையில் அரிசி மில் வாசலில் நிற்கிறது, இவர் செருப்பைப் போட்டுக்கொண்டு அங்கே போய் ஏறுகிறார். உள்ளே ஒரு திருகு இருக்கிறது, சேறு, மணல், பாறை என்று எதற்கு வேண்டுமானாலும் திருப்பிக்கொள்ளலாமாம். இதுவரைக்கும் அது கண்ட சேறு, பைப்பு போடத் தோண்டிவிட்டு மூடாமல் போன பள்ளம் ஒன்றுதான். இவ்வளவு பெரிய உருப்படி பெட்ரோலை அண்டா அண்டாவாகக் குடிக்குமே என்று கேட்டால், இது ஹைபிரிட், இன்ஜினும் உண்டு மோட்டாரும் உண்டு, எது எப்போது ஓட வேண்டும் என்று வண்டியே முடிவு பண்ணிக்கொள்ளும் என்று பெருமையாகச் சொல்கிறார். வீட்டில் நான் ஒரு முடிவு பண்ணினால் மூன்று நாள் முறைக்கிற மனிதர், வண்டி முடிவு பண்ணினால் பூரித்துப்போகிறார்.

கோபித்துக்கொள்ளாதே, உன்னையும் சேர்த்துத்தான் கேட்கிறேன். அமெரிக்காவிலிருந்து நீ அனுப்பின உங்கள் கம்பெனி வண்டிப் படங்களைப் பார்த்தேன். நம் பாவூர்சத்திரம் சந்தைக்குக் காய் ஏற்றிப் போகிற வண்டியை நாலு பங்கு ஊதின மாதிரி ஒன்று, பின்னால் ஒரு கூடை கத்தரிக்காய்கூட இல்லை, முன்னால் ஒற்றை ஆள், அவன் ஆபீசுக்குப் போகிறானாம். அதற்குள் நீ மோட்டாரும் பாட்டரியும் வைத்துக் கொடுக்கிறாய், பூமி பிழைத்துவிடும் என்கிறாய். பார்டர் கடையில் எட்டுப் பரோட்டாவும் ஒரு கோழியும் தின்றுவிட்டு, எனக்குச் சீனி இல்லாத காப்பி என்று கேட்கிற ஆளைத்தான் நினைத்துக்கொண்டேன். வண்டியைச் சின்னதாகச் செய்யுங்கள் என்று உங்கள் ஆபீசில் சொல்ல ஒருத்திக்கும் வாய் வரவில்லையா? நம் வீட்டில் எல்லாவற்றுக்கும் வாய் வந்ததே உனக்கு.

நிச்சயம் பண்ணின இடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு நீ அமெரிக்கா வேலைக்குக் கிளம்பினாய், அன்றிலிருந்து அவர் உன்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. உன் பேரையும் சொல்வதில்லை, ‘ஒம் மவ’ என்றுதான் என்னிடம் சொல்கிறார், நான் மட்டும் தனியாகப் பெற்றேன் போல. அப்படிப்பட்டவர் இந்த வண்டியை வாங்கி வந்த மறுநாளே தென்காசிக்கு ஓட்டிப்போய்ப் பின் கண்ணாடி முழுக்க மஞ்சள் எழுத்தில் ஒரு பேரை ஒட்டிக்கொண்டு வந்தார். சங்கரேஸ்வரி. உன் பேர்தான். எருமை முதுகு அகலத்துக்கு எழுத்து. பழைய ஜீப்பில் மணிமுத்து பேரை எழுதியபோது, என் பேரும் வேண்டும் என்று நீ அழுதது ஞாபகம் இருக்கிறதா? ‘பொம்பளப்பிள்ள பேர ரோட்டுல எழுதிப் போடக் கூடாதுட்டி’ என்று உன்னை அதட்டியவர் இவர்தான். இப்போது மட்டும் என்னவாம் என்று கேட்டேன். ‘சும்மா எடம் காலியாக் கெடந்துச்சு’ என்றார். தம்பி பேர் எங்கே என்று மணிமுத்து கேட்டான், எடம் இல்லை என்று அவனுக்குச் சொன்னார்.

இவர் ஓட்டுகிற அழகை நீ பார்க்க வேண்டும். மெதுவாகப் போனால் மோட்டாரிலேயே ஓடும், இன்ஜின் விழிக்காது என்று எவனோ சொல்லிவிட்டான், குற்றாலம் ரோட்டில் நடந்து போகிறவர்கள் எங்களைத் தாண்டிப் போகிறார்கள், பின்னால் பஸ்காரன் ஹாரனில் கையை வைத்தால் எடுப்பதில்லை. பிரேக் போட்டால் பாட்டரியில் கரண்ட் ஏறும் என்பது இன்னொரு பாடம், அதற்காக எதிரில் ஈ காக்கை இல்லாத இடத்திலும் பிரேக் போடுகிறார், கரண்ட் ஏறுகிறதோ இல்லையோ என் நெற்றி வீங்குகிறது. சத்தமும் கிடையாது. ஊமை ஊரைக் கெடுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்? பூ விற்கிற ஒரு பெண் முதுகுக்குப் பின்னால் வண்டியைக் கண்டு துள்ளிவிட்டு, ‘பூனை மாரி வாரீயளே, ஒரு கொரல் குடுத்தா என்ன?’ என்று ரோடு பூராவும் கேட்கும்படி ஏசினாள், அவள் சொன்னது எனக்கு நியாயமாகத்தான் பட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை ஐந்தருவிக்குக் குளிக்கப் போனோம். வண்டியை நிறுத்தினார், சத்தம் இல்லை, அணைந்துவிட்டது என்று நினைத்து இறங்கிவிட்டார். வண்டி கீங் கீங் என்று கத்தியது. ஏதோ சொல்லுதே, என்னவென்று பாருங்கள் என்றேன். ‘அது கெடக்கு, பெல்ட்டு போடலன்னா கத்தும், கதவத் தொறந்தா கத்தும், ஒன்னய மாரிதான்’ என்று சாவியை மடியில் செருகிக்கொண்டு நடந்தார், இந்த வண்டிக்குச் சாவியைத் திருக வேண்டாம், அணைக்கத் தனியாக ஒரு சுவிட்சு. உள்ளே ஏசி ஓடிக்கொண்டிருக்கிறது, எண்ணெய் வாடை போகட்டும் என்று கண்ணாடியையும் இறக்கி வைத்திருக்கிறார், சீட்டில் வாழைப்பழச் சீப்பு. குற்றாலத்தில் பிறந்த குரங்குக்கு இதற்கு மேல் என்ன அழைப்பு வேண்டும்?

நான் பெண்கள் பக்கம் குளித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டு வருகிறேன், ஒரே கூட்டம். ஒரு கடுவன் குரங்கு டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, ஒரு கை ஸ்டியரிங்கில், ஒரு கையில் பழம். சரி, குரங்குதானே, பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள் என்று நினைத்த நேரத்தில் இன்ஜின் தானாகவே உர்ரென்று எழும்பியது. குரங்கு பயந்து ஹாரனை வேறு அமுக்கிவிட்டது. எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த ஆட்கள் எண்ணெயோடு ஓடினார்கள், கேரளாவிலிருந்து வந்த ஒரு அம்மா ‘ஐயோ, கொரங்கன் வண்டி எடுத்தே’ என்று கூவினாள், பேய் வண்டி என்று நாலு பேர் கத்தினார்கள். அப்போதுதான் உன் அப்பா வந்தார், சப்-இன்ஸ்பெக்டராக இருந்து ரிட்டயர் ஆன தளவாய், இடுப்பில் ஈரத் துண்டு, தலையில் போகாத எண்ணெய், விரலை நீட்டி, ‘ஏலே, எறங்குலே கீழ! வண்டிய ஆஃப் பண்ணுலே!’ என்று அதட்டினார். குரங்கு அவரை மேலும் கீழும் பார்த்தது, பழத்தைத் தின்று முடித்தது, தோலை உள்ளேயே போட்டுவிட்டு இறங்கிப் போயிற்று. குரங்கு கையில் பூமாலை என்பார்கள், உன் அப்பா ஸ்டியரிங்கையே கொடுத்திருக்கிறார். நான் சிரித்தேன், ஒளிக்கவில்லை, வயிறு வலிக்கச் சிரித்தேன்.

அன்றைக்கே வீடியோ ஊர் பூராவும் சுற்றிவிட்டது. எடுத்தவன் வண்டிக்குப் பின்னாலிருந்து எடுத்திருக்கிறான், உள்ளே குரங்கின் தலை, வெளியே கண்ணாடியில் உன் பேர். ‘சங்கரேஸ்வரி டிராவல்ஸ், டிரைவர் புதுசு’ என்று அதற்குக் கீழே எழுதியிருந்தது. அதோடு என் சிரிப்பு நின்றுபோயிற்று.

மறுநாள் டீக்கடையில் இவரோடு வாக்கிங் வருகிற சிவசைலம் அண்ணாச்சி வீடியோவை எல்லாருக்கும் போட்டுக் காட்டி, ‘சங்கரேஸ்வரி வண்டில பேய் குடியேறிட்டாம்லா’ என்று சொல்லியிருக்கிறார். உன் அப்பா டீ கிளாஸை மேஜையில் ஓங்கி வைத்துவிட்டு, ‘அது எம் மவ செஞ்ச வண்டிலே. அவ பேரச் சொல்லிச் சிரிக்கியாலே?’ என்று சட்டையைப் பிடிக்கப் போய்விட்டார், மணிமுத்துதான் இழுத்துக்கொண்டு வந்தான். ‘எம் மவ’ என்றாராம். வீட்டுக்கு வந்து மணிமுத்து இதைச் சொன்னபோது நான் அடுப்படிக்குப் போய்க் கொஞ்சம் அழுதேன், வெங்காயம் நறுக்கவில்லை, சும்மாதான் அழுதேன்.

ஆனால் அவர் புத்தி எங்கே போயிற்று பார், வண்டியை விற்கப் போகிறேன் என்று உட்கார்ந்திருக்கிறார். கடையநல்லூர் கிதிர் முகம்மது, வளைகுடாவில் இப்படிப்பட்ட வண்டிகளை ஓட்டிப் பழகினவர், வருகிற ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். ஏன் விற்க வேண்டும் என்று கேட்டேன். ‘அவ செஞ்சதுல ஏதோ கோளாறு இருக்கு. வண்டி இங்கன நின்னா நாலு பேரு அவ பேரச் சொல்லிச் சிரிப்பான். எனக்கு வேண்டாம்’ என்றார். கோளாறு வண்டியில் இல்லை, உங்களிடம்தான், சுவிட்சை அணைக்காமல் இறங்கினால் பாட்டரி குறைந்ததும் இன்ஜின் தானாக எழும்பும், ரெடி என்று விளக்கு எரிந்தால் சத்தம் இல்லாவிட்டாலும் வண்டி ஓட்டத்தில்தான் இருக்கிறது என்று அர்த்தம், அப்படி என்று மணிமுத்து படித்துப் படித்துச் சொன்னான். எனக்கு உடனே புரிந்துவிட்டது, சத்தம் காட்டாமல் உள்ளே ஓடிக்கொண்டிருக்கிற ஒன்றோடுதானே இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணுகிறேன். அவர் கேட்கவில்லை. ‘ஒனக்கு என்னலே தெரியும், செஞ்சவ சொன்னா நம்புதேன்’ என்று சொல்லிவிட்டுப் பேப்பரை எடுத்துக்கொண்டார்.

செஞ்சவ சொன்னா நம்புவாராம். இதற்கு மேல் அந்த மனிதர் இறங்கி வர மாட்டார், இதுவே அவருக்குப் பெரிய இறக்கம். நீயும் அதே அச்சு, முதலில் அவர் பேசட்டும் என்று நீ அங்கே, முதலில் அவள் பேசட்டும் என்று இவர் இங்கே, நடுவில் நான் ஒருத்தி இரண்டு பேருக்கும் சாட்சி. ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் அவர் நம்பருக்கே போன் பண்ணு, என் நம்பருக்கு வேண்டாம். பழைய கதையை எடுக்காதே, மன்னிப்பும் கேட்காதே, அவரையும் கேட்க வைக்காதே. அப்பா, இறங்கும்போது ரெடி விளக்கு எரிந்ததா என்று மட்டும் கேள், மீதியை அவர் பேசிக்கொள்வார், பிரேக்கில் கரண்ட் ஏறுவதை உனக்கே சொல்லித்தருவார், பொறுமையாகக் கேட்டுக்கொள். வண்டி போனால் எனக்கு ஒன்றுமில்லை, என் நெற்றி தப்பும். உன் பேர் இந்த வாசலுக்குத் திரும்பி வந்து இப்போதுதான் கொஞ்ச நாள் ஆகிறது, அதுவும் போய்விடக் கூடாது என்றுதான் அடித்துக்கொள்கிறேன். உன்னைப் பார்க்க வேண்டும் போல் இருக்கிறது.

இன்று காலையில், விற்கிற வண்டியில் நம்ம பேர் எதற்கு என்று சொல்லி, ஒரு செம்பு வெந்நீரும் பிளேடும் எடுத்துக்கொண்டு மில்லுக்குப் போனார். வெகு நேரம் ஆளைக் காணோம். நானே போய்ப் பார்த்தேன். கண்ணாடியின் கீழே ஓரத்தில் ஷோரூம்காரன் ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டியிருந்தான், அதைச் சுத்தமாகச் சுரண்டி எடுத்திருக்கிறார். உன் பேரில் ஒரு கீறல் இல்லை, ஈரத் துணியால் துடைத்து வேறு வைத்திருக்கிறார். வெந்நீர் ஆறிப்போச்சு என்று என்னிடம் சொன்னார்.

பச்சைத் தண்ணீரில் தலைக்கு ஊற்றாதே, நல்லெண்ணெய் தீர்ந்திருந்தால் சொல், அனுப்புகிறேன். காசி விஸ்வநாதரும் உலகம்மனும் உன்னைக் குறைவில்லாமல் வைத்திருக்கட்டும், வேலையில் நல்ல பேர் எடு, கொஞ்சம் சின்ன வண்டியாகவும் செய்யுங்கள்.

முக்கியமான ஒன்று. மணிமுத்து இன்டர்நெட்டில் பார்த்துவிட்டான், அப்பா வாங்கின வண்டியில் இருப்பது உங்கள் கம்பெனி மோட்டார் இல்லையாம், ஜப்பானில் வேறு யாரோ செய்ததாம். ஹைபிரிட் என்று எழுதியிருந்தால் எல்லாம் நீ செய்தது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார் உன் அப்பா. போனில் அதை மட்டும் சொல்லிவிடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா
ரெங்கம்மாள்