லுங்கி கட்டிய கேக்

சென்னை
12-7-1963

மரியாதைக்குரிய வாப்பாவுக்கு, மகள் ஷரீபுன்னிசாவின் ஸலாம். நான் சுகம். உங்கள் இருமல் குறைந்ததா? தென்காசியில் சாரல் பிடித்திருக்கும். கஞ்சி போட்ட பாவு நூல் காயவில்லை என்று உம்மாவிடம் எரிந்து விழுந்துகொண்டிருப்பீர்கள்.

சென்ற வாரம் எங்கள் சமையல் கல்லூரியில் கண்காட்சி நடந்தது. அவரவர் செய்த கேக்கை அவரவர் அலங்கரித்த பலகையில் வைக்க வேண்டும். எல்லாரும் பலகைக்கு வெள்ளித்தாள் ஒட்டினார்கள். ஓரமெல்லாம் சுருக்கம். நான் மட்டும், நீங்கள் கொடுத்தனுப்பிய கட்டம்போட்ட லுங்கித் துணியைக் கஞ்சியில் நனைத்து, நம் தெருவில் பாவு நூலை இழுத்துக் கட்டுவதுபோல் இழுத்து ஒட்டினேன். அதன்மேல் பட்டர் பேப்பர். ஒரு சுருக்கம் கிடையாது வாப்பா!

"கேக் லுங்கி கட்டியிருக்கு!" என்று கூடப் படிப்பவர்கள் சிரித்தார்கள். டீச்சர் வந்து, "இதைப் பிச்சிட்டு வெள்ளித்தாள் ஒட்டு. இல்லேன்னா மார்க் குறைப்பேன்" என்றார்.

"குறைச்சுக்கிடுங்க டீச்சர். இது எங்க வாப்பா நெய்தது" என்றேன்.

பத்து மார்க் போயிற்று. கவலைப்படாதீர்கள், பாஸ்தான். "ரொட்டி சுடவா அங்கன போயி படிக்குது?" என்று கேட்ட மாமியிடம் இதையும் சொல்லுங்கள்.

ஓர் அலாரம் கடிகாரம் அனுப்பி வையுங்கள். தறிச் சத்தம் இல்லாமல் எனக்கு விழிப்பே வருவதில்லை.

வார்டன் மணி அடித்துவிட்டார். டிசம்பரில் மறுபடியும் கண்காட்சி. இரண்டு முழம் துணி வேண்டும். கட்டத்தை இன்னும் பெரிதாகப் போட்டு நெய்யுங்கள். வாசலில் நுழையும்போதே தெரியட்டும்.

உங்கள் மகள்
ஷரீபுன்னிசா