பிரிக்காத உறைகள்

மகாராணிக்கு, தினம் ஒரு லட்சம் படுக்கைவிரிப்புகளைத் துவைத்து வெல்லும் சலவைக்கூடச் சக்கரவர்த்தி எழுதுவது. நான் நலம். உன் முழங்கால் வலி தேவலையா? நம் மகன் நேரத்துக்குச் சாப்பிடுகிறானா?

ஞாயிறன்று ஒரு பெரிய எழுத்தாளர் வளர்ந்த வீட்டைப் பார்க்கப் போனேன். இப்போது அது அருங்காட்சியகம். அவருடைய கட்டில் என் செருப்பைவிடச் சின்னது! பக்கத்தில் கண்ணாடிப் பெட்டி நிறையக் கடிதங்கள். தூரதேசத்தில் வேலை பார்த்த அப்பா அவருக்கு எழுதியவை. ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை.

“ஏங்க பிரிக்கல?” என்று காவலாளியைக் கேட்டேன்.

“பையனுக்குக் கோபம் சார். அப்பா வரவே இல்லையே.”

நான் அழவில்லை. கண்ணில் யானை அளவு தூசி விழுந்துவிட்டது, அவ்வளவுதான்.

மூன்று வருடமாக நம் மகன் எனக்கு ஒரு வரி எழுதவில்லை. இதனுள் அவனுக்குத் தனி உறை வைத்திருக்கிறேன். நீ பிரிக்காதே. அவன் பிரித்தால், பதில்கூட வேண்டாம், அந்தக் கிழிந்த உறையை மட்டும் அனுப்பிவை.

சங்கு ஊதிவிட்டது, ஓடுகிறேன்.