மருந்துப் பெட்டிக் காகிதத்தில் படித்த சிங்களம்

நங்கி,

இன்று காலை என் பேத்தி தைலப் போத்தல் ஒன்றைப் பெட்டியிலிருந்து உருவி எடுத்தாள். உள்ளே மடித்து வைத்திருந்த காகிதத்தைக் கசக்கிக் குப்பைக் கூடையில் போட்டாள். நான் குனிந்து எடுத்து முழங்காலில் வைத்து நீவினேன். அவள் பிரெஞ்சு படிக்கிறாள். கூடப் படிக்கிறவர்கள் "இப்ப நீ என்ன வாசிக்கிறாய்?" என்று ஒருவரையொருவர் கேட்பார்களாம். ஒருத்தி காதல் கதையாம், ஒருத்தி சமையல் புத்தகமாம்.

"அம்மம்மா, நீங்கள் சிங்களம் படிக்கேக்கை என்ன வாசிச்சனீங்கள்?" என்றாள். கையிலிருந்த காகிதத்தைக் காட்டினேன். அவளுக்கு விளங்கவில்லை. உனக்கு விளங்கும்.

வெள்ளைக்காரன் ஆண்ட காலம். கொழும்பு வெள்ளவத்தையில் ரயில் பாதையை ஒட்டிய, சந்து போன்ற ஒழுங்கை. இடிந்த மதிலுக்கு அந்தப் பக்கம் சிங்களத்தி நீ, இந்தப் பக்கம் நான். நீ என்னை நங்கி என்றாய். தங்கச்சி என்று அர்த்தம் தெரிந்ததும் நானும் உன்னை நங்கி என்றே கூப்பிட்டேன். யார் மூத்தவள் என்கிற வழக்கு கடைசிவரை தீரவில்லை.

முதற்பிள்ளை பிறந்த பிறகு இடுப்பு, நாரி நோவும் பின்னேரக் காய்ச்சலுமாகக் கிடந்தேன். எனக்குச் சிங்களம் தெரியாது. என் புருஷனின் தமக்கை, அந்த மச்சாள், டிஸ்பென்சரிக்குக் கூட்டிப் போனாள். நான் அழுதழுது சொன்னதையெல்லாம் மருந்து தரும் அப்போதிக்கரிக்குச் சிங்களத்தில் ஒரு மூச்சில் சொல்லி முடித்தாள். அவர் சிரித்துவிட்டுச் சிவப்புத் தண்ணீர் ஒரு போத்தல் தந்தார்.

அன்று அங்கே வாங்குப் பலகையில் இருந்த நீ பின்னேரம் மதிலடிக்கு வந்தாய்.

"உங்கட மச்சாள் சொன்னது, வருத்தம் நே. வேலை செய்யப் பஞ்சி."

நோயே இல்லையாம், நான் சோம்பேறியாம்! 'பஞ்சி' என்ற சொல் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"இந்த ஒழுங்கைப் பொம்பிளையள் என்னைப் பத்தி அதுதானே கதைக்கிறது" என்றாய்.

அந்த இடத்திலேயே நமக்குள் ஒப்பந்தம் முடிந்தது. என் நோவை என் வாயால் சொல்ல எனக்குச் சிங்களம் வேண்டும். அவர்கள் மிச்சம் என்ன கதைக்கிறார்கள் என்று அறிய உனக்குத் தமிழ் வேண்டும். ஆனால் புத்தகத்துக்கு எங்கே போவது? உன் வீட்டுத் தைலப் பெட்டிக்குள் மடித்த காகிதமாகக் கிடந்தது பாடம். இடப்புறம் உன் சிங்கள எழுத்து, வலப்புறம் என் தமிழ் எழுத்து, இரண்டிலும் ஒரே வியாதிகள். ரயில் பாதையில் கோச்சி இரைந்து போகும்போது மட்டும் வாயை மூடி, விரலை வரியிலேயே வைத்திருப்போம்.

ஒருநாள் நீ குழாயடிப் பெண்களை மதிலால் எட்டிப் பார்த்து, காகிதத்துத் தமிழில், "அம்மணி, தங்களுக்கு வாய்வுத் தொல்லை உண்டோ?" என்றாய். குழாயடியில் குடம் நிரம்பி வழிந்தது. அதன்பிறகு உன்னைப் பற்றிக் குசுகுசுத்துத்தான் பேசினார்கள். "இப்ப ஒண்டும் கேக்குது இல்லையே" என்று கவலைப்பட்டவள் நீ.

எனக்குக் காய்ச்சல் விடவில்லை. "டிஸ்பென்சரிக்கு நீயே வந்து சொல்லிவிடு" என்று கெஞ்சினேன். நீ அசையவில்லை.

"நான் கதைச்சா நானும் இன்னொரு மச்சாள்தானே? நீ கதை. நான் வாங்கில இருக்கிறன்."

இருந்தாய். மச்சாளும் வந்தாள், வாயைத் திறந்தாள். நான் முந்திக்கொண்டேன். அன்று நான் சொன்ன சிங்களம் தமிழில் இப்படித்தான் வரும்: "பிரசவத்தின் பின் உண்டாகும் நாரிப் பிடிப்பினாலும், மாலைதோறும் தோன்றும் சுரத்தினாலும் வருந்துகின்றேன்."

வாங்கு முழுவதும் சிரித்தது. "இந்த நோனா மருந்துப் பெட்டியை விழுங்கிவிட்டாவா?" என்று அப்போதிக்கரியும் சிரித்தார். பிறகு பேனையை வைத்துவிட்டு நிமிர்ந்தார். "மாலைதோறுமா?"

மச்சாளை வெளியே நிற்கச் சொன்னார். அன்றைக்கே பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார். வயிற்றுக்குள் சீழ் கட்டியிருந்ததாம். இன்னும் பிந்தியிருந்தால் என் பிள்ளை தாயில்லாமல் வளர்ந்திருக்கும். வீட்டுக்கு வந்ததும் மச்சாள் கேட்ட முதல் கேள்வி, "ஆரடி உனக்கு வாய் திறக்கப் பழக்கினது?"

அவளை நான் இன்றைக்கும் மன்னிக்கவில்லை. அவளின் செத்தவீட்டுக்குப் போனேன், அழவில்லை. "விட்டுடு நங்கி" என்று நீ எத்தனையோ தரம் சொன்னாய். உன் பேச்சை நான் கேட்காதது அந்த ஒன்றில்தான்.

நுகேகொடையில் உன் மகள் வீட்டில், கடைசியாகப் படுத்திருந்த உன்னைப் பார்க்க வந்தேன். ஆட்களை அடையாளம் தெரியவில்லை என்றார்கள். என் முகத்தையே பார்த்துக் கிடந்துவிட்டு, "அம்மணி, தங்களுக்கு வாய்வுத் தொல்லை உண்டோ?" என்றாய். "உண்டு நங்கி, நிறைய உண்டு" என்றேன். உன் மகள் நம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

போன கிழமை என்னை டொக்டரிடம் கூட்டிப் போனார்கள். சிங்களப் பிள்ளை. என்ன செய்கிறது என்று அவன் கேட்க, எனக்காக மகள் வாயைத் திறந்தாள். நல்ல பிள்ளைதான், ஆனாலும் கையைக் காட்டி நிறுத்தினேன். நம் காகிதத்துச் சிங்களத்தில் என் நோவை நானே சொன்னேன்.

அவனும் பேனையை வைத்துவிட்டு நிமிர்ந்தான்.