ப்ராக் போகாத பெட்டி

கிழக்குத் தாம்பரம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள சுப்ரஜாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் நலம், உன் அப்பாவின் முட்டி ஒன்றைத் தவிர. நீயும் அங்கே ஜலதோஷம் எதுவும் இல்லாமல் நன்றாக இருக்கவேண்டும். தினமும் போனில் பேசுகிறவளுக்கு எதற்குக் காகிதத்தில் கடிதம் என்று சிரிப்பாய். போனை எடுத்தாலே உன் அப்பா ஓடி வந்து ஸ்பீக்கரைப் போடு என்கிறார், வாட்ஸ்அப்பில் எழுதலாம் என்றால் கண்ணாடியை மாட்டிக்கொண்டு என் போனையும் சேர்த்துப் படிக்கிறார், நான் ரகசியத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது. எதிர் வீட்டு ஜெயசீலி டீச்சரின் மகன் புதன்கிழமை உங்கள் மியூனிக்குக்குக் கிளம்புகிறான், அவனிடம் கொடுக்கிற வத்தக்குழம்புப் பொடிக்கு அடியில் இதைச் செருகி விடுகிறேன்.

அப்பா மறைமலை நகருக்கு வேலைக்குப் போயிருந்த நேரம் பார்த்து நீ அழுதுகொண்டே சொன்னாயே, அதை நினைத்தால் எனக்கு முதலில் திக்கென்கிறது, அப்புறம் சிரிப்பு வருகிறது, கோபித்துக்கொள்ளாதே. ஒரே ரயில் நடுவழியில் இரண்டாகப் பிரிந்து பாதி ஒரு ஊருக்கும் பாதி வேறு ஊருக்கும் போகுமாம், தாம்பரத்தில் அப்படிச் செய்தால் பிளாட்பாரத்தில் கலவரமே நடக்கும். நீயும் டிக்கெட்டைப் பார்த்து ப்ராக் போகிற பெட்டியில் சரியாகத்தான் ஏறியிருக்கிறாய். லேடீஸ் பெட்டி இல்லாத ஊரில் குழந்தை வைத்திருக்கிற பொம்பளை பக்கத்தில் போய் உட்கார் என்று நான் ஏர்போர்ட்டில் சொன்னது அப்போதுதானா உனக்கு ஞாபகம் வரவேண்டும், எழுந்து பல பெட்டி தள்ளிப் போய் ஒரு குழந்தைக்காரியைக் கண்டுபிடித்து, அந்தக் குழந்தைக்கு முறுக்குக் கொடுத்து, விளையாடி, தூங்கியும் போய், கண் விழித்தால் வாயில் நுழையாத பெயரில் ஏதோ ஒரு சின்ன ஊர். ப்ராக் போகிற பாதி எப்போதோ போய்விட்டது. பிறந்ததிலிருந்து என் பேச்சை நீ கேட்டது அந்த ஒரு நாள்தான், அதுவும் இப்படியா ஆகவேண்டும்!

நீ பயந்தது வழி தப்பியதற்கு இல்லை, அப்பாவுக்கு என்று எனக்குத் தெரியாதா. தனியாக எங்கும் போகக்கூடாது என்று சொல்லித்தான் அனுப்பினார், இந்த ஒரு பயணம் நல்லபடியாக முடிந்தால் மற்றதெல்லாம் பார்க்கலாம் என்று உன் கெஞ்சலுக்காக இறங்கி வந்தார். இது தெரிந்தால் கிறிஸ்துமஸ் லீவில் நீ அறையை விட்டு நகர முடியாது. அதனால் நானும் வாயைத் திறக்கவில்லை. ஆனால் அவரோ, நீ அந்தச் சின்ன ஊரிலிருந்து அனுப்பிய வாத்துக் குளம், சர்ச் போட்டோக்களை ப்ராக் நகரில் என் மகள் என்று அபார்ட்மெண்ட் குரூப்பில் போட்டுவிட்டார். ஜெயசீலி டீச்சர் வேறு, ப்ராக்னா பெரிய பாலம் இருக்குமே, அதைக் காணோமேங்க என்று என்னைக் கேட்கிறார். பனியில் மறைந்துவிட்டது என்று சொல்லி வைத்தேன். அந்த போட்டோவில் வெயில் எப்படி அடிக்கிறது தெரியுமா. இன்னும் எத்தனை நாளைக்கு நான்

இந்த இடத்தில் பேனா நின்றது. தண்ணீர் லாரி வந்திருக்கிறது என்று கீழே போன உன் அப்பா எப்போது வந்து என் முதுகுக்குப் பின்னால் நின்றார் என்றே தெரியவில்லை. நான் பேப்பரைக் கையால் மூடினேன். மூடாத, அவ ப்ராக் போகலைன்னு எனக்கு அன்னிக்கே தெரியும் என்றார். நீ இங்கிருந்து கிளம்பிய அன்று அவர் போனில் லொகேஷன் போட்டுக் கொடுத்தாயாம், நீ மறந்துவிட்டாய், அவர் மறக்கவில்லை. நீ ரயில் ஏறிய அந்தச் சனிக்கிழமை, போனில் நீ இருக்கிற புள்ளி ப்ராக் பக்கம் திரும்பாமல் வேறு பக்கம் போவதை இந்த மனுஷன் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்று சாயங்காலம் திடீரென்று திருநீர்மலைக்குக் கிளம்பினார், சனிக்கிழமை, பெருமாளைப் பார்க்கப் போகிறார் என்று நானும் விட்டுவிட்டேன். முட்டி வலியோடு அத்தனை படியும் ஏறியிருக்கிறார். நீ மியூனிக்குக்குத் திரும்புகிற வரைக்கும் போனைக் கீழே வைக்கவில்லையாம்.

தெரிந்தே எதற்குக் குரூப்பில் ப்ராக் என்று போட்டீர்கள் என்று சண்டைக்குப் போனேன். என் பொண்ணு ப்ராக்னு சொன்னா எனக்கு அது ப்ராக்தான், நான் கேட்டு வச்சேன்னா அவ அடுத்த தடவை கிளம்பவே மாட்டா என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, வழி தப்பினா என்ன பண்ணுவான்னுதானே பயந்தேன், வழி தப்பியும் தானே திரும்பி வந்துட்டா, இனிமே என்ன என்றார். அவர் கண் கலங்கியதை நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன். எனக்கு அழுகை வந்துவிட்டது, அதை அவர் நன்றாகவே பார்த்தார்.

ஆக, நீ அறையில் அடைந்து கிடக்கவேண்டாம். வருகிற சனிக்கிழமையே ப்ராக் போய்விட்டு வரச் சொல்கிறார், இந்தத் தடவை போட்டோவில் பாலம் இருக்கவேண்டுமாம். குழந்தைக்காரி எல்லாம் வேண்டாம், டிக்கெட்டில் எந்தப் பெட்டி போட்டிருக்கிறதோ அதில் உட்கார், ஆம்பளைகள் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். வத்தக்குழம்புப் பொடியைக் காற்றுப் புகாமல் மூடி வை.

பெருமாள் உனக்குத் துணை இருப்பார், போகிற இடமெல்லாம் உனக்கு நல்லதே நடக்கட்டும். ஒன்றே ஒன்று மறக்காதே. இனிமே நான் பாக்க வேண்டியதில்லை, லொகேஷனை அணைச்சுடச் சொல்லு என்கிறார் அப்பா. நீ அணைக்காதே. அவர் தனியாக உட்கார்ந்து பயந்தது போதும், இந்தச் சனிக்கிழமை நானும் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறேன்.

உன் அம்மா
ஹேமாவதி