டீத்தூள் டப்பாவின் காலி எடை

மார்ச் 3, செவ்வாய்
பழைய டீத்தூள் டப்பாவை மூன்று வாரமாகக் காணோம். மூடியோடு 118 கிராம். அடியில் ஆணியால் கீறியிருக்கிறேன். வீட்டில் எல்லா டப்பாவிலும் காலி எடை உண்டு. கொட்டிப் பார்க்காமலே இருப்புத் தெரியும். என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். "டப்பா என்ன பச்சப் புள்ளையா, எடை பாத்துக்கிட்டே இருக்கே?" என்றபடி தையல் கடைக்குக் கிளம்பிவிட்டார். எடுக்கவில்லை என்று மட்டும் சொல்லவில்லை.

மார்ச் 6
டப்பா கிடைத்துவிட்டது. இவர் கடையில், மெஷின் இழுப்பறையில், கஞ்சாவோடு. கிடைத்தது போலீசுக்கு.

மார்ச் 7
ஸ்டேஷனில் பார்த்தேன். "முட்டி வலிக்குத்தான் கஞ்சா புடிச்சேம்மா" என்றார்.
தினமும் தைலம் தேய்ச்சது யாரு? வலி போயிடுச்சுன்னு என்கிட்ட சொன்னாரே! அதுக்குக் கடவுளுக்கு ஒரு வாரம் நன்றி சொன்னேனே — எதுக்கு நன்றி சொல்லியிருக்கேன் நான்?

மார்ச் 9
வக்கீலம்மாவைப் பார்த்தேன். நூறு கிராமுக்குள் என்றால் இந்த நீதிபதி வழக்கமாக அபராதத்தோடு விடுவாராம். தாண்டினால் ஒரு வருஷம் வரை உள்ளே. போலீஸ் எழுதியிருப்பது 179.
"டப்பாவோட நிறுத்தாங்களா?"
பேனாவைக் கீழே வைத்தார். "டப்பா உங்களுதுன்னு சாட்சி சொன்னா உங்களையும் சேர்த்து இழுப்பாங்க. யோசிங்க."

மார்ச் 10
யோசித்தேன். சாட்சி சொல்லப்போகிறேன், பொய் சொல்ல வேண்டியதில்லை. அதுவே பெரிய கருணை.

மார்ச் 19
கோர்ட். நீதிபதி டப்பாவைக் கவிழ்த்துப் பார்த்தார்.
"இத எழுதினது யாரும்மா?"
"நான்தாங்கய்யா. டீத்தூளுக்கு."
அரசு வக்கீல் எழுந்தார். "டப்பா கடைக்குப் போனது உங்களுக்குத் தெரியாது?"
"தெரிஞ்சிருந்தா திருப்பி வாங்கியிருப்பேன்."
"உள்ள இருந்தத?"
"அடுப்புல போட்டிருப்பேன். டப்பாவக் கழுவியிருப்பேன்."
யாரோ சிரித்தார்கள். சிரிக்க வைப்பதற்காக நான் சொல்லவில்லை.
எல்லார் முன்னாலும் கொட்டி நிறுத்தார்கள். கஞ்சா 61. டப்பா 118, ஒரு கிராம் கூடக் குறையவில்லை. அபராதத்தோடு விட்டார்கள். என்மேல் வழக்கில்லை. இவர் தலை நிமிரவே இல்லை.

மார்ச் 22
டப்பா சாட்சிப் பொருளாம், தர மாட்டார்களாம். புதிது வாங்கி நிறுத்தேன், 124. ஆணியைத் தேடினால் இவர் கையில் இருந்தது.
"எவ்வளவுன்னு சொல்லு, நான் கீறுறேன்."
சொன்னேன். முட்டியைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்து, மூன்று எண்ணையும் நேராகக் கீறினார்.
"வலிக்குதா?" என்று கேட்டேன்.
கீறலில் ஒட்டிய தூளை ஊதினார். "வலிக்குது."
தைலத்தை எடுத்துவந்தேன்.