நாய்க்கும் அத்தானுக்கும் ஒரே காய்ச்சல்

ஜூலை 3
அத்தான் நாயைத் தூக்கிக்கொண்டு என் கால்நடை கிளினிக்கின் பின்வாசல் வழியாக வந்தார். வாந்தி, சாப்பாடு இல்லை, கண்ணெல்லாம் மஞ்சள்.

"உங்க அக்காவுக்குத் தெரிய வேணாம் மாப்ளே. இன்னொரு தடவை இதுக்கு ஏதாவது வந்தா வீட்டை விட்டே அனுப்பிடுவேன்னு சொல்லியிருக்கா."

மூச்சு விடமாட்டேன் என்றேன். நாய் நான் கொடுத்தது. அது அக்காவின் ஸ்டெதாஸ்கோப்பை மென்று தின்றதிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை. அக்கா மனிதர்களுக்கு டாக்டர். மன்னிப்பு அவள் பிரிவில் இல்லை.

ஜூலை 4
நாய்க்கு டிரிப்ஸ். ரத்தம் பரிசோதனைக்குப் போயிருக்கிறது. நாய் ஒரு நண்பர் வீட்டில் இருப்பதாக அக்காவிடம் அத்தான் சொல்லி வைத்திருக்கிறார்.

ஜூலை 6
முடிவு வந்துவிட்டது. எலிக்காய்ச்சல். எலியின் மூத்திரம் கலந்த தண்ணீரில் கால் வைத்தால் போதும்; நாயா மனிதனா என்று அது பார்ப்பதில்லை. அவர்கள் வீட்டுப் பின்பக்கம் சாக்கடை அடைத்து மழைத்தண்ணீர் குளமாக நிற்கிறது. நாய் அதில் குளிக்கும். பிடித்துவர அத்தான் வெறுங்காலோடு இறங்குவார்.

எச்சரிக்கலாம் என்று போன் செய்தேன். எடுக்கவில்லை. பிறகு ஒரு செய்தி: "காய்ச்சல். வைரல்னு உங்க அக்கா சொல்றா. நாய் எப்படி இருக்கு?"

நாய் தேவலை. ஐயோ, நீங்க எப்படி இருக்கீங்க?

அக்காவைக் கூப்பிட்டேன். இரண்டு முறை துண்டித்துவிட்டு எடுத்தாள்.

"என்ன?"

"அத்தானுக்குக் கெண்டைக்கால் வலிக்குதா?"

"உனக்கெப்படித் தெரியும்?"

"நாய் எங்கிட்ட இருக்கு."

"அது அவர் ஃபிரண்ட் வீட்டுல இருக்கு."

"அந்த ஃபிரண்ட் நான்தான்கா. நாய்க்கு எலிக்காய்ச்சல். அத்தானுக்கு மூத்திரம் சரியாப் போகுதா பாரு."

போனை வைத்துவிட்டாள். திட்டாமல் வைத்தாள் – அதுதான் பயமாக இருந்தது.

ஜூலை 8
அத்தான் தீவிர சிகிச்சைப் பிரிவில். சிறுநீரகம் வேலைநிறுத்தம். வராந்தாவில் அக்கா சொன்னாள்: "காய்ச்சல்னு யார் வந்தாலும் எங்க போனீங்க, என்ன சாப்பிட்டீங்கன்னு குடைவேன்டா. சொந்தப் புருஷன்கிட்ட நாய் எங்கன்னு கேக்கலையே."

நான் மட்டும்? நாயின் வயிற்றை அமுக்கிப் பார்த்தவன், அதைத் தூக்கி வந்தவரின் நெற்றியைத் தொடவில்லை. குடும்பத்தில் இரண்டு டாக்டர்கள்!

ஜூலை 9
ஒன்றுமில்லை. அதாவது, மூத்திரம் ஒன்றுமில்லை.

ஜூலை 10
அரை லிட்டர்! அக்கா போனில் அழுதாள். நானும்தான்.

ஜூலை 17
நாய் முதலில் வீடு திரும்பியது. அத்தான் அதற்குப் பிறகு. மனித மருத்துவமா நாய் மருத்துவமா சிறந்தது என்ற பேச்சை யாரும் எடுக்கவில்லை.

ஜூலை 20
சாக்கடை விஷயமாக அக்காவும் நானும் நகராட்சிக்குப் போனோம். அதிகாரி தலை நிமிரவில்லை.

"மனுஷனுக்கு நோய்னா சுகாதாரத்துல சொல்லுங்க. நாய்னா கால்நடைத்துறை. இங்க சாக்கடை மட்டும்தாங்க."

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"மனுஷங்களுக்கு நான். நாய்க்கு இவர், என் தம்பி, டாக்டர். சாக்கடைக்கு நீங்க. எல்லாரும் வந்தாச்சு சார், ஆரம்பிக்கலாமா?"

அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். எனக்கும் ஒரு நாற்காலி கொண்டுவரச் சொன்னார்.