ஐந்து வருஷத்துக்குப் பார்த்து வாங்கியது

இலுப்பூர்

அன்பு மகன் அருள்மணிக்கு அம்மா எழுதுவது. நான், அப்பா, உன் தங்கச்சி சிவரஞ்சனி, கன்று போட்ட மாடு எல்லாரும் சௌக்கியம். குவைத்தில் வெயில் தணிந்ததா, உன் முதுகுவலி விட்டதா என்பதே இங்கே நினைப்பு. போன் இருக்கும்போது அம்மாவுக்கு எதற்குக் காகிதம் என்று சிரிப்பாய். போனில் நீ என்னைப் பேசி முடிக்க விடுவதில்லை. காகிதத்தில் குறுக்கே பேச முடியாது, அதனால் உட்கார்ந்து முழுசாகப் படி.

வெள்ளிக்கிழமை தங்கச்சியின் புது லேப்டாப்பிலிருந்து வீடியோவில் கூப்பிட்டோமே, ஒரே மஞ்சளாக இருக்கிறது, முகமே தெரியவில்லை, அம்மா தேர்ந்தெடுத்த லட்சணம் இதுதானா என்று கேட்டாய். பக்கத்தில் இருந்த உன் சித்தப்பா ஆண்டியப்பன் விழுந்து விழுந்து சிரித்தார். நீ போனை வைத்த பிறகுதான் பார்த்தோம். சாமி கும்பிட்டுவிட்டு மோட்டாருக்கு வைப்பதுபோல உன் அப்பா அதற்கும் பொட்டு வைத்திருக்கிறார், மேல் விளிம்பில் நட்ட நடுவே, சரியாகக் கேமராவின் மேல், கெட்டிச் சந்தனம். துடைத்ததும் பளிச்சென்று தெரிந்தது. ஆகவே லேப்டாப்பிலும் குறை இல்லை, நான் தேர்ந்தெடுத்ததிலும் குறை இல்லை. அப்பாவை ஒன்றும் சொல்லாதே, புதுக்கோட்டையிலிருந்து பஸ்ஸில் அந்தப் பெட்டியை மடியை விட்டு இறக்காமல் கொண்டுவந்த மனுஷன்.

எப்படி வாங்கினேன் என்று நீ கேட்கவில்லை, நானே சொல்கிறேன். முதலில் நான் கடைக்கே போகவில்லை. லேப்டாப் பழுது பார்க்கும் பீட்டர் தம்பியிடம் போய், எது உன்னிடம் அடிக்கடி வருகிறது, எது வருவதே இல்லை என்று கேட்டேன். இப்படி யாரும் கேட்டதில்லை என்று அவன் ஸ்டூலைத் துடைத்துப் போட்டு, இரண்டைக் கழற்றியே காட்டினான். சில மெலிசு மாடலில் மெமரியைப் போர்டோடு ஒட்டிவிடுகிறார்களாம், பின்னால் கூட்ட முடியாதாம், மூடியின் கீல் சீக்கிரம் விட்டுப்போகுமாம். அப்புறம் கடைக்குப் போனால், பொண்ணுக்குப் பிடிக்கும், பை இலவசம் என்று ரோஸ் கலரில் அப்பளம் மாதிரி ஒன்றை நீட்டினார்கள். நான் அதைத் தலைகீழாகத் திருப்பி, கழற்றத் திருகாணி இருக்கிறதா என்று தேடினேன். கடைசியில் கறுப்பு நிறத்தில், கொஞ்சம் கனமாக, பதினாறு ஜிபி மெமரியோடு இன்னொன்று போட இடமும் உள்ளதாக, பேட்டரி மாற்ற முடிகிறதாகப் பார்த்து, வாரண்டியையும் ஐந்து வருஷத்துக்கு நீட்டி வாங்கினேன். நீ அனுப்பிய பணத்தைத் தொடவில்லை, இந்த வருஷம் கடலை விற்ற காசுதான் வாங்கிக் கொடுத்தது.

ஏன் இவ்வளவு மெனக்கெட்டேன் தெரியுமா? போன மாதம் நீ சொன்ன ஒரு வார்த்தைக்காக. "மட்டமா ஒண்ணு வாங்குங்கம்மா, ரெண்டு வருசம் தாங்குனாப் போதும், அதுக்குள்ள கட்டிக் குடுத்துருவோம்ல." அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. திருச்சி சட்டக் கல்லூரியில் அவள் படிப்பு ஐந்து வருஷம். அதில் மூன்று வருஷத்தை நீயும் சித்தப்பாவும் சேர்ந்து வெட்டிவிட்டீர்கள், கறம்பக்குடி மாப்பிள்ளையின் போட்டோவும் வந்துவிட்டது, அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் கேட்டேன். "அஞ்சு வருசம் முடிக்காம நான் எங்கிட்டும் போகலம்மா" என்றாள். உனக்கு ஒன்று தெரியாது அருள்மணி. பன்னிரண்டாவது பரீட்சைக்கு ஒன்பது நாள் இருக்கும்போது எனக்குத் தாலி கட்டினார்கள். அந்த ஹால் டிக்கெட் இன்னும் பீரோவில் புடவைக்கு அடியில் கிடக்கிறது. என் மகளுக்கு அப்படி ஒரு காகிதம் வேண்டாம். சித்தப்பாவுக்குக் கோபம் என்றால் இருந்துவிட்டுப் போகட்டும், உனக்குக் கோபம் என்றாலும் அப்படித்தான்.

கோபத்தில் சாப்பாட்டை விடாதே, முதுகுக்குத் தைலம் தேய். நார்த்தாமலை ஆத்தா உன்னை நோய்நொடி இல்லாமல் வைத்திருக்கட்டும். லீவில் வரும்போது ஒன்றை ஞாபகம் வை. சாமி படத்துக்குக் கீழே சித்தப்பா வைத்த மாப்பிள்ளை போட்டோவை நேற்று அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டேன். அந்த இடத்தில் இப்போது வாரண்டி அட்டை இருக்கிறது. அதற்கும் உன் அப்பா சந்தனம் வைத்துவிட்டார். ஐந்து வருஷம் யாரும் அதை எடுக்கக் கூடாது.

உன் அம்மா,
அமராவதி